சன்னலைப் பிடுங்காதீங்க சாமிகளா!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான புலம்பல். யூபிவிசி சன்னல் விக்கிறவங்க, வாங்கினவங்க, வாங்கிட்டு வெளியே சொல்ல முடியாம முழிக்கிறவங்க யாரும் அடிக்க வராதீங்க. மூணாவது கோஷ்டியில நானும் ஒருத்தன்.

போன வாரம் ஆணி பிடுங்குறதுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு தென்காசி போயிருந்தேன். தெரு முனையில திரும்பும்போதே ஒரு குட்டியானை நின்னுக்கிட்டிருந்தது. அதுல படுத்த வாக்குல அஞ்சு சன்னல். நிலை, கம்பி, கதவு எல்லாம் சேர்த்து அப்படியே. பச்சைப் பெயிண்ட் உரிஞ்ச இடத்துல தேக்கு தெரியுது. தாத்தாவோட அப்பா கட்டின வீடு. அதுல சித்தப்பா பங்குக்கு வந்த பாதியோட மேற்குச் சன்னல்கள் அவை. நான் பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிப் போயிட்டது.

"என்ன சித்தப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன்.

"சொன்னா நீ லெக்சர் எடுப்பலே. அதான் சொல்லலை"ன்னார்.

சரிதான். அவருக்குக் கொடுக்க முடியாத லெக்சரை உங்களுக்குக் கொடுக்கிறேன். தலையெழுத்து, படிங்க.

வெளியூர் மக்களுக்கு முதல்ல எங்க ஊர்க் காத்தைப் பத்திச் சொல்லணும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. அதுல செங்கோட்டை - ஆரியங்காவு பக்கம் ஒரு இடைவெளி. ஆனி பிறந்ததும் கேரளாவுல கொட்டுற தென்மேற்குப் பருவமழையோட காத்து அந்தச் சந்து வழியா எங்க ஊருக்குள்ள பாயும். மழை அங்கேயே தீர்ந்திரும். மிச்சம் மீதித் தூவானம்தான் எங்களுக்கு. அதுதான் சாரல். குற்றால சீசன்னு நீங்க பஸ் பிடிச்சு வர்றது இதுக்குத்தான். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வரிசையா காற்றாலை நட்டு வச்சிருக்கிறதும் இந்தக் காத்தை நம்பித்தான். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டுல கட்டின காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசல்ல ஆடி மாசம் வேட்டி கட்டிக்கிட்டு நின்னு பாருங்க. சாமி கும்பிடக் கை கிடைக்காது, ரெண்டு கையும் வேட்டிக்கே சரியாயிரும் :-)

இப்படி ஒரு ஊர்ல பழைய வீட்டு மேற்குச் சன்னல் என்ன பாடுபடும்னு யோசிங்க. மேல ரெண்டு கதவு, கீழ ரெண்டு கதவு, நடுவுல நெட்டுக்குத்தா இரும்புக் கம்பி. கதவைச் சாத்தி கொண்டி போட்டாலும் ராத்திரி பூரா விசில் சத்தம். சாரல் இடுக்கு வழியா வந்து மெத்தை நனையும். ஆச்சி இருந்த காலத்துல பழைய வேட்டியைக் கிழிச்சு, திரியாச் சுருட்டி இடுக்குல திணிப்பாங்க. சித்தி கோணிச்சாக்கு திணிப்பாங்க. இதெல்லாம் நிஜமான கஷ்டம். "பழசுன்னா எல்லாம் அழகு"ன்னு பதிவு போடுற கோஷ்டி தயவு செஞ்சு ஒரு ஆடி மாச ராத்திரி எங்க மச்சுல படுத்துட்டு அப்புறம் பேசுங்க.

என் சண்டை அந்தக் கஷ்டத்துக்குப் பிடிக்கிற மருந்தோடதான். கால்ல முள்ளுன்னா முள்ளை எடுக்கணும். எங்க ஊர்ல காலையே எடுத்துக்கிட்டிருக்காங்க.

இப்ப என் பாவக்கதை. மூணு வருஷத்துக்கு முன்னாடி வீட்லருந்தே பொட்டி தட்டுற காலம். மச்சுல மேற்குப் பார்த்த அறையில உக்காந்து, ஏசி மாட்டினேன். சன்னல் இடுக்கு வழியா குளிர் வெளியே போகுதுன்னு ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். (பேர் வேண்டாம்.) "சார், இதெல்லாம் அந்தக் காலத்து ஐட்டம். எடுத்துட்டு ஸ்லைடிங் போட்டா காத்து, தூசி, சத்தம் எதுவும் வராது"ன்னார். நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்ச மூளை "சரிங்க"ன்னுச்சு. பழைய சன்னலைத் தானே எடுத்துக்கிட்டு, இடிக்கிற கூலியில ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கழிச்சார். எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தத் தேக்கு எங்கே போச்சு? அந்த ஒரு சன்னல் எங்கே போச்சுன்னு தெரியாது. ஆனா இந்த மாதிரிப் போற சாமான்களைப் பாக்கணும்னா காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்க. இடிச்ச வீட்டுக் கதவும் நிலையும் சன்னலும் தூணும் கடை கடையா நிக்கும். வாங்குறவர் பெரும்பாலும் ரிசார்ட்டுக்காரரும் வெளிநாட்டுக்காரரும். விலை கேட்டுட்டு வந்தேன். ஆயிரத்து ஐந்நூறை நினைச்சு பஸ்ல அழுகாத குறை.

சரி, புதுசு எப்படி? முதல் ஆனியிலேயே பல்லைக் காட்டிருச்சு. ஸ்லைடிங் சன்னலுக்கு அடியில ஒரு தண்டவாளம் இருக்கும். அதுல விழுற மழைத்தண்ணி வெளியே போறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல வீசுற காத்தோட அழுத்தம் சுமார் 60 பாஸ்கல். அதாவது 6 மி.மீ. உயரத் தண்ணியை அது தாங்கிப் பிடிக்கும். ஒரு வீச்சுல வேகம் இரட்டிப்பானா அழுத்தம் நாலு மடங்கு. அப்போ வெளியே போக வேண்டிய தண்ணி அதே ஓட்டை வழியா கொப்புளிச்சுக்கிட்டு உள்ளே வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு 'குபுக் குபுக்'னு சத்தம் கேட்டு எந்திரிச்சேன். பேய்னு நினைச்சேன். பேயா இருந்திருந்தா செலவு கம்மி.

அடுத்தது சுவர். எங்க வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரை. நிலையைப் பிடுங்கும்போது சுத்தி முக்கால் அடி பேந்திருச்சு. அதை சிமெண்ட் வச்சுப் பூசினாங்க. சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், வெயில்ல வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைச்சிரும். ஒரே வருஷத்துல பூச்சோட ஓரத்துல விரிசல், அதைச் சுத்திப் பூஞ்சை. காத்து இப்ப சன்னல் வழியா வரலை, சன்னலுக்கும் சுவருக்கும் நடுவுல வருது. ஆஹா, என்ன ஒரு முன்னேற்றம்.

அப்புறம் சித்திரை வந்தது. சாயங்கால வெயில் நேரா அந்தக் கண்ணாடியில. பழைய சன்னல்னா கதவைச் சாத்துனா போதும், வெயில் வெளியே நிக்கும். ஒரு அங்குலத் தேக்குப் பலகை கடத்துற வெப்பம் ஒத்தைக் கண்ணாடி கடத்துறதுல கிட்டத்தட்ட பாதிதான். நேர் வெயிலை எடுத்துக்கிட்டா ஒப்பிடவே வேண்டாம். பலகை ஒளியை விடாது. சாதாரணக் கண்ணாடி முக்கால்வாசிக்கு மேல உள்ளே விட்டிரும். காண்ட்ராக்டர் போட்ட நீலக் கண்ணாடி கொஞ்சம் குறைக்கும், ஆனா அதுவே சூடாகி அடுப்புத் தட்டு மாதிரி நிக்கும். எதைக் குறைக்கணும்னு மாத்தினேனோ அந்த ஏசி பில் ஏறிப்போச்சு.

சரி, ஏசியை அணைச்சுட்டு சன்னலைத் திறப்போம்னா, ஸ்லைடிங்ல பாதிதானய்யா திறக்கும்! ஒரு கதவு எப்பவும் இன்னொரு கதவு மேலதான் நிக்கும். இதை நான் மட்டும் சொல்லலை. வீடுகளுக்கான மத்திய அரசோட எரிசக்தி விதித்தொகுப்பு, 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு 2018ல வந்தது. புதுக் கட்டடங்களுக்கானது. அதுல கீல் வச்சுத் திறக்கிற சன்னலுக்குத் திறப்பு 90 சதவீதம்னும், ரெண்டு கதவு ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம்னும் கணக்குப் போடச் சொல்லியிருக்காங்க. வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதியில தரைப்பரப்புல ஆறுல ஒரு பங்கு அளவுக்குத் திறக்கிற சன்னல் இருக்கணும்னும் சொல்லுது. தாத்தாவோட அப்பா இந்த விதியைப் படிச்சிருக்க மாட்டார். ஆனா எங்க பட்டாசலை டேப் வச்சு அளந்து பார்த்தேன், அவர் பாஸ். நான் மாத்தின மச்சு அறை ஃபெயில்.

இந்த ஊருக்கு ரெண்டு வேலை செய்யுற சன்னல் வேணும். சித்திரையில காத்தை முழுசா விடணும், ஆனியில முழுசா மறிக்கணும். பழைய நாலு கதவுச் சன்னல் அதுக்குன்னே செஞ்சது. கீழ்க்கதவைச் சாத்திட்டு மேல்க்கதவைத் திறந்தா சாரல் மேல படாம காத்து மட்டும் வரும். தெருவுல போறவன் எட்டிப் பாக்கவும் முடியாது. ஸ்லைடிங்ல இந்த வித்தை எதுவும் நடக்காது.

'ஆனா பழசுல இடுக்கு இருக்கே'ம்பீங்க. இருக்கு. எவ்வளவுன்னு பாத்திருக்கோமா? மூணு அடி அகலம், நாலு அடி உயரம் உள்ள நாலு கதவுச் சன்னல். சுத்தளவு 14 அடி, நடுவுல நெட்டா 4, குறுக்க 3. ஆக 21 அடி இடுக்கு. கிட்டத்தட்ட ஆறரை மீட்டர். சராசரியா 2 மி.மீ. விலகியிருந்தா, ஒரு சன்னல்ல நாலரை இன்ச்சுக்கு நாலரை இன்ச் ஓட்டை போட்ட மாதிரி. எங்க பங்குல மிச்சம் இருந்த அஞ்சு மேற்குச் சன்னலுக்கும் சேர்த்தா பத்துக்குப் பத்து இன்ச். நடு வீட்டுச் சுவர்ல அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தா நாம அதை அடைப்போமா, சுவரையே இடிப்போமா?

அந்த 2 மி.மீ. எங்கிருந்து வந்தது? போன வருஷம் பங்குனியில ஒரு பெரிய ஆசாரியைக் கூட்டிட்டு வந்தேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும். கதவை ரெண்டு தடவை திறந்து மூடிப் பாத்துட்டு, "தம்பி, மரத்துல ஒரு கோளாறும் இல்ல. ஆடியில பிடிக்குதுன்னு எவனோ இழைச்சிருக்கான்"னார். அங்கேதான் மொத்த விஷயமும் இருக்கு. சாரல் காலத்துல மரம் ஈரம் குடிச்சு ஊதும், கதவு நிலையில பிடிக்கும். உடனே இழைப்புளியைத் தூக்கிக்கிட்டு வந்து ஓரத்தைச் சீவுவோம். மாசி பங்குனியில மரம் காஞ்சு சுருங்கும்போது இடுக்கு பல்லை இளிக்கும். முப்பது நாப்பது வருஷம் இப்படிச் சீவினா எந்தத் தேக்கும் தாங்காது. அதோட கீல் ஆணி தளர்ந்து கதவு தொங்கும். தொங்குற கதவு அடியில உரசும், அதுக்கும் ஒரு இழைப்பு. இதுல எங்க வீட்டுக் கல்யாணம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட் வேற. நிலையோட படியில பெயிண்ட் மேல பெயிண்டாச் சேர்ந்து, கதவு போய் உக்கார வேண்டிய இடத்துல உக்காரவே இல்லை.

ஆசாரி செஞ்ச வேலை ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. கீலைக் கழட்டி, பழைய ஆணி ஓட்டையில தேக்குச் சிம்பைப் பசை தடவி அடிச்சு, காஞ்ச பிறகு புது திருகாணி போட்டார். தொங்கின கதவு நிமிர்ந்தது. படியில இருந்த பெயிண்டைச் சுரண்டினார். (இதுல மட்டும் ஜாக்கிரதை. பழைய எனாமல்ல ஈயம் இருக்கும். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. உப்புத்தாளை உலர வச்சுத் தேய்ச்சுத் தூசி கிளப்பாதீங்க, தண்ணி தொட்டுத் தேய்க்கணும். குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல இருக்கக் கூடாது.) ரொம்பச் சீவியிருந்த ரெண்டு கதவுக்கு ஓரத்துல பழைய தேக்குலயே பட்டை ஒட்டினார். கதவு வந்து உக்காருற படியில உள்பக்கமா ரப்பர் குழாய்ப் பட்டை. ரெண்டு கதவு சேருற இடத்துல வெளியே ஒரு மரப்பட்டை, உள்ளே பிரஷ் பட்டை. கொண்டி விழுற வளையத்தை ரெண்டு மி.மீ. தள்ளி அடிச்சார். அவ்வளவுதான், கொண்டி போட்டா கதவு ரப்பரைப் போய் அமுக்குது. கீழ்ச்சட்டத்துக்கு அடியில மழைத்தண்ணி சொட்டுறதுக்கு வெட்டியிருந்த காடி பெயிண்ட்ல அடைஞ்சு கிடந்தது. அதை உளியால கீறி விட்டார். மெத்தை நனைஞ்சதுக்குப் பாதிக் காரணம் அந்த அடைஞ்ச காடிதான். நிலைக்கும் சுவருக்கும் நடுவுல சுண்ணாம்பும் மணலும் வச்சு அடைச்சோம், சிமெண்ட் கிடையாது.

பத்து நாள் வேலை. ஆசாரி, கையாள் கூலி, ரப்பர், சாமான் எல்லாம் சேர்த்து அஞ்சு சன்னலுக்கு இருபதாயிரம் சொச்சம். அதே அஞ்சுக்கு யூபிவிசி விலை கேட்டப்ப அம்பதாயிரத்துக்கு மேல சொன்னாங்க. அதுல இடிக்கிற கூலி, பூச்சு வேலை சேராது.

இது ஏதோ என் வீட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் பழைய மரச்சன்னலை ஆய்வுக்கூடத்துல வச்சுச் சோதிச்சது. இடுக்கை மட்டும் அடைச்சதுலயே காத்துக் கசிவு 86 சதவீதம் வரைக்கும் குறைஞ்சது. அமெரிக்காவோட வரலாற்றுப் பாதுகாப்பு தேசிய அறக்கட்டளை 2012ல ஒரு ஆய்வு வெளியிட்டது. பழைய சன்னலைச் செப்பனிட்டுக் கூடுதலா ஒரு அடுக்கு போட்டாலே புதுச் சன்னலுக்குப் பக்கத்துல வந்திரும், செலவும் ரொம்பக் கம்மின்னுச்சு. அவங்க கவலை குளிர் காலச் சூடு வெளியே போறது, நம்ம கவலை வேற. அதனால அந்த நம்பரை அப்படியே இங்க ஒட்ட வைக்க மாட்டேன். ஆனா 2 மி.மீ. இடுக்கு கிளாஸ்கோவுலயும் தென்காசியிலயும் 2 மி.மீ. தான்.

ஏசி அறைக்கும் வழி இருக்கு. வெளிச்சமும் வேணும், குளிரும் போகக் கூடாதுன்னா கம்பிக்கு உள்பக்கமா ஒரு தனிக் கண்ணாடிச் சட்டம் மாட்டுங்க. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு, ஓரத்துல காந்தப் பட்டை போட்டா இன்னும் லேசு. ஏசி ஓடுற மாசம் மாட்டி வைங்க, வேண்டாத மாசம் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போடுங்க. நிலையில ஒரு ஆணி கூட அடிக்க வேண்டாம். எவன் சன்னலையும் பிடுங்க வேண்டாம்.

யூபிவிசிக்கு நான் எதிரி இல்லை. புதுசா காங்கிரீட்ல கட்டுற வீட்டுக்கு, அதுவும் கீல் வச்சுத் திறக்கிற வகையா இருந்தா, தாராளமாப் போடுங்க. தேக்கு விக்கிற விலைக்கு வேற என்ன செய்ய முடியும். கேள்வி ஏற்கனவே சுவர்ல நிக்கிற தேக்கைப் பத்தி. அது அறுந்தா ஒட்டலாம், செல்லரிச்ச துண்டை வெட்டி வேற துண்டு கோக்கலாம். தெருவுக்கு ஒரு ஆசாரி போதும். ஸ்லைடிங்ல உருளை தேஞ்சப்ப, அந்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திட்டாங்கன்னு ஆறு வாரம் அலைய விட்டாங்க எனக்கு.

சித்தப்பா கட்சியையும் சொல்லணும், இல்லைன்னா நியாயமில்லை. அவர் தன் பங்கு வீட்டைக் குற்றால சீசனுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு இருக்கார். ஐந்தருவியிலயும் மெயினருவியிலயும் குளிச்சுட்டு வர்றவன் ஏசி கேப்பான், பளபளன்னு கேப்பான்ங்கிறார். அப்புறம் ஒண்ணு சொன்னார், அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. "நீ வருசத்துல பத்து நாள் வர்றவன். சாரல் ராத்திரியில கோணிச்சாக்கு திணிச்சுட்டு முழிச்சுக் கிடந்தது உங்க சித்தி. முப்பது வருசம்."

உண்மை. முப்பது வருஷத்துல நாங்க யாரும் ஒரு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து காட்டலை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயிண்ட் மட்டும் அடிச்சோம். ரெண்டு நாள் கூலி மிச்சம் பிடிச்சு, அதை சித்தி தூக்கத்துல கழிச்சிருக்கோம். அதுல எங்க அப்பாவுக்கும் எனக்கும் பங்கு உண்டு. ஆனா அந்த முப்பது வருஷத்துக்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியது சன்னல் இல்லையே சித்தப்பா?

இதை அவர்கிட்ட சொல்லலை. இங்கதான் எழுதுறேன். அவர் இதைப் படிக்க மாட்டாருங்கிற தைரியம்தான் :-)

கிளம்புற அன்னிக்கு சாயங்காலம் சித்தி எங்க பக்கத்துக்கு வந்தாங்க. நல்ல காத்து. பட்டாசல்ல அஞ்சு சன்னலும் சாத்தியிருந்தது. சித்தி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு சேருற இடத்துல பிடிச்சாங்க. புகை நேரா மேல போச்சு. அடுத்த சன்னலுக்குப் போய் அங்கயும் பிடிச்சாங்க. மூணாவது சன்னல்ல கீழ் மூலையில லேசா ஆடினது. அந்த இடத்துல விரலை வச்சு, "இங்கன ரப்பர் விட்டுப் போயிருக்கு பாருல"ன்னாங்க. நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் மெதுவா, "அடுக்களைச் சன்னலை இன்னும் எடுக்கலை. திங்கக்கிழமை வாரேன்னிருக்கான். அந்த ஆசாரி நம்பர் உன்கிட்ட இருக்கா?"ன்னு கேட்டாங்க.